ஸ்கேல் அக்கா போட்ட கையெழுத்து

ஸ்கேல் அக்காவுக்குத் தேநீர் வந்தபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதலாளி அவளுடைய சித்தப்பா மகன்தான். அரைக்கால் சட்டை போட்ட வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் இவள். இருந்தும் இந்தப் பதினோரு வருடத்தில் அவன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அன்றைக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவனே ஃபிளாஸ்கைத் திறந்து அவனே ஊற்றி, "சக்கரை கம்மியாதான் இருக்குக்கா" என்று நீட்டினான். இவளுக்கு சர்க்கரை கம்மி என்பது வரை ஞாபகம் வைத்திருக்கிறான் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது. அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"மீசை வேலைய விட்டுட்டாருக்கா" என்றான்.

மீசை என்பது கோப்புகளைப் பார்க்கும் பொறியாளர். கம்பெனியில் மீசை வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் அந்தப் பெயர்.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"ஏன்?"

"ஏதோ சொந்த விஷயமாம். நான் தோண்டிக் கேக்கல. கெட்டில் கோப்புல பொறுப்புத் தாள் இருக்குல்ல, அதுல இனிமே நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை மூவாயிரம் கெட்டில் கிளம்புது. வியாழக்கிழமைக்குள்ள தாள் வேணும்னு பெரிய கடைக்காரங்க நச்சரிக்கிறாங்க."

"நான் லேபிள் பாக்கறவ. அது மீசையோட வேலையாச்சே?"

"நம்ம கம்பெனியில உங்கள மாதிரி கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கறது வேற யாருக்கா?"

முதலில் தேநீர், அதன் மேல் புகழ்ச்சி. ஸ்கேல் அக்கா கோப்பையை வாங்கிக்கொண்டாள், ஆனால் குடிக்கவில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வயது ஐம்பதை எட்டப்போகிறது. உலகத்தில் யாரும் எதையும் சும்மா செய்வதில்லை என்பது அவளுடைய தீர்மானம். தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பாள். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பதோடு விடமாட்டாள், அந்தத் தேதிக்குக் கீழே பழைய தேதி ஒளிந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மற்ற வீடுகளில் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். இவள், மனுஷன் பத்து நிமிடம் முன்னதாக வந்தால், ஏன் சீக்கிரம் என்று கேட்பாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் அதற்கெல்லாம் பழகிப்போய், உள்ளே நுழையும்போதே காரணத்தைச் சொல்லிவிடுவார். கேட்காமலே ஏன் சொல்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம் எழும்.

இந்தக் குணம் பிறக்கும்போதே வந்ததில்லை. பத்தொன்பது வயதில் அவள் அறைக்கு ஒரு சிறிய ஹீட்டர் வாங்கினாள். மூன்றாம் நாள் அதன் பின்பக்கம் உருகி, இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வலி அடங்கிய பிறகு அவள் செய்த முதல் காரியம், ஹீட்டரின் அடியில் இருந்த ஒட்டுத்தாளைப் பிய்த்துப் பார்த்ததுதான். அதற்குக் கீழே இன்னொரு ஒட்டுத்தாள், வேறொரு கம்பெனியின் பெயரோடு. அதற்கும் கீழே இன்னொன்று. பிய்க்கப் பிய்க்கப் பெயர் வந்ததே தவிர, பதில் சொல்ல ஒரு ஆள் வரவில்லை.

சித்தப்பா மகனின் கம்பெனி செய்வதும் பெயர் ஒட்டும் வியாபாரம்தான், ஆனால் நேர்மையான வகை. கடல் தாண்டி எங்கோ ஒரு தொழிற்சாலை கெட்டில் செய்கிறது. அதே கெட்டில் பத்துக் கம்பெனிகளுக்குப் பத்துப் பெயரில் போகிறது. அதில் ஒரு பெயர் இவர்களுடையது. இவர்கள் குடியிருக்கும் ஐரோப்பாவில் அதை விற்க வேண்டுமானால் அடியில் சி.ஈ. என்ற குறி வேண்டும். அந்தக் குறியைப் பார்த்தால் ஏதோ அரசாங்கம் சோதித்து முத்திரை குத்திக் கொடுத்தது என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. இது விதிப்படி இருக்கிறது, இதற்கு நான் பொறுப்பு என்று தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வதுதான் அந்தக் குறி. தயாரிப்பாளர் யார் என்றால், கெட்டிலைச் செய்தவர் இல்லை, பெட்டியில் பெயர் போட்டுக்கொண்டவர். ஆகவே ஒரு திருகாணியைக்கூடத் திருகாத இந்தக் கம்பெனிதான் சட்டத்தின் கண்ணில் கெட்டில் தயாரிப்பாளர். சோதனை அறிக்கைகளையெல்லாம் கோப்பில் வைத்து, பொறுப்புத் தாளில் ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பத்து வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.

ஸ்கேல் அக்காவின் வேலை அந்தக் குறியைப் பார்ப்பது. குறியின் உயரம் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதற்காகச் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்டீல் ஸ்கேல், பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஒருமுறை நாலரை மில்லிமீட்டரில் அச்சாகி வந்த ஆறாயிரம் ஒட்டுத்தாள்களை அவள் திருப்பி அனுப்பினாள். அச்சகத்துக்காரர் நேரில் வந்து, அரை மில்லிமீட்டரை யார்ம்மா பாக்கப் போறாங்க என்று கெஞ்சினார். "நான் பாத்துட்டேனே" என்றாள். அந்த வாசகம் கம்பெனியில் பிரபலம். காபி மெஷின் பக்கத்தில் அவளைப் போலவே இடுப்பில் கைவைத்துச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமைதான். பதினோரு வருடத்தில் அவள் மேசையைத் தாண்டி ஒரு தப்பு போனதில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், படிக்காமல் கையெழுத்துப் போடு என்றால் போடுவாளா?

அவள் முதலில் மீசைக்குப் போன் செய்தாள். மனைவி எடுத்து, குளிக்கிறார் என்றாள். அரை மணி நேரம் கழித்தும் குளித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்றாம் முறை கூப்பிட்டபோதும் குளியல் முடியவில்லை. இவ்வளவு நேரம் குளிக்கிற அளவுக்கு அந்த ஆள் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேல் அக்கா யோசித்தாள். மீசை எதையோ பார்த்திருக்கிறார். பார்த்ததால் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். மறுத்ததால் போயிருக்கிறார். இப்போது அதைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறான் தம்பி. தூக்கி வளர்த்த பிள்ளை தன்னையே பலிகடாவாக்குவதா?

சாயங்காலம் வரை கோப்பைத் துருவினாள். சோதனை அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். கெட்டிலை நான்கு பக்கமும் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவ்வளவு ஒழுங்காக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டிய மூவாயிரத்தில் ஒன்றைக் கோடவுனிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டில் இரண்டு வருடமாக ஓடுகிற கெட்டிலும் இதே மாடல்தான்.

புதன்கிழமை காலை, சமையலறையில் இரண்டு கெட்டில்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. ஸ்டீல் ஸ்கேலால் உயரம் பார்த்தாள், மூடி பார்த்தாள், கைப்பிடி பார்த்தாள். குறியைப் பார்த்தாள்: ஐந்து புள்ளி இரண்டு. எல்லாம் அச்சாக ஒன்றுதான். சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தபோது, கணவர் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் புது கெட்டிலின் ஒயரைச் சுருட்டி ஓரமாக வைக்கப் போனார். சுருட்டியவர் நின்றார்.

"ஏம்மா, இந்த ஒயர் ஏன் இவ்வளவு சொல்பேச்சு கேக்குது?"

"என்னங்க சொல்றீங்க?"

"பழசு முரண்டு புடிக்கும். இது நூல் மாதிரி சுருளுது. உள்ள செம்பு கம்மி." லிஃப்ட் மெக்கானிக்கின் விரலுக்கு ஒயரைத் தெரியாதா? "அஞ்சு தடவ விடாம கொதிக்க விடு, தெரியும்."

அவர் வேலைக்குத் தாமதம் என்று சொல்லிவிட்டு, தாமதத்தையே மறந்து நின்றார். ஐந்து முறை கொதிக்க வைத்தார்கள். பழைய கெட்டிலின் ஒயர் வெதுவெதுப்போடு நின்றது. புதியதைப் பிளக்கின் அருகே தொட்ட ஸ்கேல் அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டுத் தழும்பு தானாகக் குறுகுறுத்தது. கணவர் டார்ச் அடிக்க, அவள் பூதக்கண்ணாடியால் ஒயரின் உறையைப் பார்த்தாள். கறுப்பின் மேல் கறுப்பாகப் பொடி எழுத்து. பழையதில் செம்பின் பருமன் புள்ளி ஏழு ஐந்து, அதாவது முக்கால் சதுர மில்லிமீட்டர். சோதனை அறிக்கையிலும் முக்கால்தான். புதியதில் புள்ளி ஐந்து. அரை.

"அந்த வாட்டுக்கு அரை ஒயர் தாங்காது" என்றார் கணவர். "இன்னைக்கே பத்திக்கும்னு சொல்லல. ஆனா திரைச்சீலை பக்கத்துல, சுருட்டுன மேனிக்கு வெச்சு, தினம் பத்து தடவ போட்டா ஒரு நாள் பத்தும்."

ஸ்கேல் அக்கா இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். கோடவுனில் இருப்பது மட்டும் கணக்கில்லை. கெட்டிலின் பெட்டியைச் சமீபத்தில் சிறிதாக்கியிருந்தார்கள்; அந்தப் புதிய பெட்டியில் வந்த முதல் சரக்கு, ஆயிரத்து நானூறு கெட்டில்கள், போன மாதமே விற்றுப்போய்விட்டன. பழைய பொறுப்புத் தாளிலேயே அவை போயின, யாரும் கேட்கவில்லை. இந்த முறை பெரிய கடைக்காரர்கள் புதிய தேதியில் தாள் கேட்டதால்தான் மீசை கோப்பைத் திறந்திருக்க வேண்டும். ஆயிரத்து நானூறு சமையலறைகளில் இந்த நேரம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அவளுக்குள் இன்னொன்றும் இருந்தது, மறைப்பானேன். ஒரு சந்தோஷம். பிடித்துவிட்டேன், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். பஸ்ஸில் போகும்போதே தம்பியிடம் பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தொழிற்சாலைக்காரனும் இவனும் சேர்ந்து அடித்த கூத்து. ஒயரில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஆதாரம் இல்லாமல் போனால் மழுப்பிவிடுவான் என்று, ஆபீஸுக்குப் போனவுடன் முதல் வேலையாகத் தொழிற்சாலைக்கு எழுதினாள்: முக்கால் ஒயரை அரையாக மாற்றச் சொன்னது யார்?

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இத்தனை வேகமாக அவர்கள் எதற்கும் பதில் போட்டதில்லை. மதிப்புக்குரிய மேடம் என்று தொடங்கி, இரண்டே வரி. இந்த மாற்றம் உங்கள் தரப்பில் ஏழு மாதம் முன்பு ஒப்புக்கொள்ளப்பட்டது, தாள் இணைத்திருக்கிறோம்.

வந்துவிட்டது குட்டு வெளியே என்று ஸ்கேல் அக்கா இணைப்பைத் திறந்தாள். புதிய சிறிய பெட்டிக்கான வரைபடம். அதன் மேல் மூலையில் சி.ஈ. குறி. குறியின் பக்கத்தில் பென்சிலால் 5.2 என்று எழுதி ஒரு டிக். கீழே கட்டத்துக்குள் 'சரி' என்ற சொல், ஒரு கையெழுத்து.

கையெழுத்து அவளுடையது.

முதலில் அவள் நினைத்தது, யாரோ தன் கையெழுத்தைப் போலி செய்திருக்கிறார்கள் என்றுதான். பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசி எழுத்தின் வாலை அவள் எப்போதும் இரண்டு முறை இழுப்பாள்; அதுவும் அப்படியே இருந்தது. அந்த நாள்கூட நினைவுக்கு வந்தது. பெட்டி விஷயம் என்பதால் தாள் நேராக லேபிள் மேசைக்கு வந்தது. குறி சிறிய பெட்டியில் சுருங்கிவிடுமோ என்று மூன்று முறை அளந்தாள். சரியாக இருந்ததில் மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டாள்.

இணைப்பில் இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. அதே தாளின் பின்பக்கம். 'பெட்டி சிறிதாவதால் வரும் மாற்றங்கள்' என்று தலைப்பு, ஆறு வரி. நாலாவது வரி: தடித்த ஒயர் புதிய பெட்டியில் மடங்காது, ஆகவே மெல்லிய ஒயர் போடப்படும். முன்பக்கக் கையெழுத்து இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் என்று அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

தக்காளியைக்கூடத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கிறவள், அந்தத் தாளைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் மீசையின் மேசைக்கு அனுப்பியிருப்பாள். அளந்து முடித்த திருப்தியில் தாளை அப்படியே கோப்புத் தட்டில் போட்டுவிட்டாள். அவமானம் காது வரை சுட்டது. எழுந்து போய் முகம் கழுவினாள், திரும்பி வந்தாள், தாள் அப்படியேதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை தாளை அச்செடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குள் போய் மேசையில் வைத்தாள். அவன் அதைக் குனிந்து பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. புதிதாக ஒரு தாளை நீட்டினால் யாரும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஏற்கெனவே பார்த்ததைத்தான் பார்க்கத் தேவையில்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் மேசை டிராயரை இழுத்தான். அதே தாள் உள்ளே இருந்தது, இரண்டாக மடித்து.

"மீசைதான் கொண்டாந்து காமிச்சாரு. ரெண்டு வாரமாச்சு. சரக்க நிறுத்தணும், வித்தத திரும்ப வாங்கணும்னாரு. அப்படிப் பண்ணா யார் ஓகே சொன்னதுன்னு கேப்பாங்க, அக்கா மாட்டிக்குவாங்க, விட்டுடுங்கன்னு சொன்னேன். அவர் கேக்கல. கெளம்பிட்டாரு."

"அவர் போனதும் என்னைப் போடச் சொன்னே."

"நீங்களே போட்டா பெட்டித் தாளும் பொறுப்புத் தாளும் ஒரே கையா போயிடும்கா. யாரும் நோண்ட மாட்டாங்க. உங்களக் காப்பாத்தத்தான் பண்ணேன்."

"பத்திக்கிச்சுன்னா?"

"ஒரு மாசமா ஒரு புகார் கூட வரலக்கா."

"பத்திக்கிச்சுன்னா என்னடா பண்ணுவே? ரெண்டு தாள்லயும் என் கையெழுத்துதான் இருக்கும். உன்னோடது எங்கயாவது இருக்கா?"

"என்னைப் போய் அப்படி நெனைக்கிறீங்களேக்கா" என்றான். அவன் கண் கலங்கியது.

நிஜக் கண்ணீரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பத்து வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு இதே கண்ணோடுதான் வந்து நின்றான். அன்றைக்கு இவள்தான், நான் எறிந்த கல் என்று பழியை வாங்கிக்கொண்டாள். இப்போது அவன் டிராயரில் அந்தத் தாள் இருந்தது இவளைக் காக்கவா, வேளை வந்தால் எடுத்துக் காட்டவா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். அவனுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். ஆனால் தேநீர் விஷயத்தில் அவள் சந்தேகப்பட்டது தப்பில்லை. அவள் சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒரு ஆளைத்தான், தன்னை.

"ஒண்ணு பண்ணலாம்கா" என்று குரலைத் தாழ்த்தினான். "இந்தத் தாளக் கிழிச்சுடலாம். தொழிற்சாலைகிட்ட பேசி, முன்பக்கம் மட்டும் இருக்கற மாதிரி வேற தாள் வாங்கிக்கிறேன். வேற யாரும் பாக்கல."

"நான் பாத்துட்டேனே" என்றாள் ஸ்கேல் அக்கா.

எப்போதும் போல இடுப்பில் கைவைத்துச் சொல்லவில்லை. குரல் உடைந்தது. அவள் அழுது தம்பி பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் பயந்துபோய் எழுந்து, தேநீர் ஊற்றட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

கெட்டிலைத் திரும்பப் பெறும் அறிவிப்பு. கெட்டிலின் படம், சரக்கு எண், ஒயர் சூடாகித் தீப்பிடிக்கலாம், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று எளிய வார்த்தைகளில் நாலு வரி. அடியில், தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயர், அவளுடைய கைபேசி எண். அரசாங்கத்தின் சந்தைக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தனியாக, மெல்லிய ஒயருக்கு ஒப்புதல் கொடுத்தவர் யார் என்பது உட்பட.

"நம்ம பேரே போயிடும்கா."

"நம்ம பேரப் போட்டுக்கிட்டது யாரு? வேணாம்னா சும்மா கெட்டில்னு வித்திருக்கலாமே. பேரு வேணும், பொறுப்பு வேணாம்னா எப்படி?" அவள் பேனாவைத் திறந்தாள். "நான் கையெழுத்துப் போடறேன். நீ கேட்ட தாள்ல இல்ல, இதுல. எனக்குக் கீழ நீயும் போடு."

"நான் போடலேன்னா?"

"அப்பவும் இது போகும். என் ஒரு கையெழுத்தோட."

அவன் பேனாவை வாங்கினான். வரி வரியாகப் படித்தான். படித்து முடித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. டிராயரில் இருந்த தாளை அவன் கிழித்தானா, இன்னும் வைத்திருக்கிறானா என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மூவாயிரம் கெட்டில்களும் கோடவுனிலேயே நின்றன. பெரிய கடைக்காரர்கள் போனில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். காபி மெஷின் பக்கம் இப்போது யாரும் அவளைப் போலச் செய்து சிரிப்பதில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை மீசையே கூப்பிட்டு, "நான் நேரா உங்ககிட்டயே சொல்லியிருக்கணும்கா, எனக்கு வாய் வரல" என்றார். குளித்து முடித்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அறிவிப்பு வெளியான திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு முதல் அழைப்பு. ஒரு பெண் குரல், விறைப்பாக.

"கெட்டில் விஷயமா நம்பர் போட்டிருந்தீங்க. நீங்க நெஜமாவே கம்பெனிதானா? இப்படிச் சொல்லி வீட்டு விலாசம் வாங்கறவங்க நெறைய பேர் இருக்காங்க."

ஸ்கேல் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவர் வாசலில் செருப்பைப் போட்டபடியே நின்றார்.

"கம்பெனிதாங்க. விலாசம் இப்ப வேணாம். மொதல்ல பிளக்க புடுங்கிட்டீங்களா?"

"அது இருக்கட்டும். இதச் செஞ்சது யாரு?"

"நாங்கதான்."

"பொய். எங்கயோ தூர நாட்டுல செஞ்சதுன்னு அடியில போட்டிருக்கு."

"செஞ்சது அங்கதான். பேரு எங்களோடது. அதனால பொறுப்பும் எங்களோடது."

"அப்ப ஒயர் சரியில்லன்னு பாத்து நிறுத்தியிருக்க வேண்டிய ஆள் யாரு?"

"நான்தான்."

"பாக்கலையா?"

பதினோரு வருடமாக அவள் சொல்லாத சொல் அது.

"பாக்கல" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகியிருக்க வேண்டும். "இப்ப மட்டும் நீங்க சொல்றத நான் எப்படி நம்பறது?" என்றாள்.

"நம்பாதீங்க" என்றாள் ஸ்கேல் அக்கா. "கெட்டில வெளிச்சத்துகிட்ட எடுத்துட்டுப் போங்க. பிளக்குகிட்ட ஒயர் மேல பொடியா எழுத்து இருக்கும், கறுப்பு மேல கறுப்பா. நகத்தால தடவினா தட்டுப்படும். நீங்களே படிங்க. நான் இருக்கேன்."

போனை மேசை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் திரையை இழுக்கும் சத்தம். ஒயர் மேசையில் உரசியது. ஸ்கேல் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். திரும்ப வரவேண்டிய ஒவ்வொரு கெட்டிலுக்கும் ஒரு வரியாக, ஆயிரத்து நானூறு வரிகள் உள்ள பட்டியலில் முதல் வரிமேல் பென்சில் நின்றுகொண்டிருந்தது.

"புள்ளி அஞ்சு" என்றது குரல். விறைப்பு போயிருந்தது. "இருங்க, இன்னொரு தடவ பாக்கறேன்."

"பாருங்கம்மா" என்றாள். "நல்லா திருப்பிப் பாருங்க."